பரங்கிக்காய்க்கு வயிறு எங்கே?

தந்தி ஆபீஸ் ஹெர்பர்ட்டுக்குத் தெரியாத இங்கிலீஷ் சொல் கிடையாது என்று காக்ஸ் டவுன் முழுக்க ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவர் அவர் அல்ல. ஆனால் ஒரு நாளும் அதை அவர் மறுத்ததில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், வீட்டு வாசலில் ஓடிய சாக்கடையைப் பற்றி அவர் எழுதிய கடிதம் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் அச்சாகிவிட்டது. சாக்கடை அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. கடிதம் எழுதியவருக்கு மட்டும் பேர் வந்துவிட்டது. அன்று முதல் லீவு விண்ணப்பம், மாற்றல் மனு, வாடகை தராதவனுக்கு நோட்டீஸ் என்று எதுவானாலும் ஆட்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பதினாலு வருஷமாக அடுத்தவர் தந்தியில் சொற்களை எண்ணி எண்ணி வெட்டிப் பழகிய மனிதர், ஊரார் கடுதாசிகளில் அந்த ஏக்கத்தைத் தீர்த்துக்கொண்டார். ஒரு சொல் போதும் என்ற இடத்தில் நாலு சொல் போட்டார்.

ஆகவே, 1937-ஆம் வருஷத்து மாதா கோவில் திருவிழாவை ஒட்டி நடந்த காய்கறிக் காட்சிக்கு யாரை நடுவராகப் போடுவது என்ற கேள்வி வந்தபோது, விழாக் குழுச் செயலாளர் ஆம்ப்ரோஸ் வேறு யாரையும் யோசிக்கவில்லை. டைப் அடித்த ஒரு தாளோடு நேரே ஹெர்பர்ட் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"பாதரு ரூலெல்லாம் டைப் அடிச்சு வச்சிட்டு கோலாருக்குத் தியானத்துக்குப் போயிட்டாரு, ஹெர்பர்ட். காட்சி முடிஞ்சுதான் வருவாரு. இங்கிலீஷ்ல இருக்குது, அதான் உன்கிட்ட வந்தேன். தக்காளிக்கு நெறம், வாழைக்கு சீப்பு, எல்லாம் புரியுது. பரங்கிக்காய்க்கு மட்டும் இன்னாவோ போட்டிருக்காரு பாரு. 'கர்த்'தாம். அப்படீன்னா இன்னாப்பா?"

ஹெர்பர்ட் தாளை வாங்கிப் பார்த்தார். ஜி, ஐ, ஆர், டி, ஹெச். ஐந்தே எழுத்து. பதினாலு வருஷத்தில் ஒரு தந்தியில்கூட அந்தச் சொல்லை யாரும் அனுப்பியதில்லை. அவருக்குக் காது சூடானது.

"இதுவா?" என்றார். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இது பரங்கிக்காய்க்குன்னே சொல்றதுதான்."

ஆம்ப்ரோஸ் முழுத் திருப்தியோடு போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் ஹெர்பர்ட் அலமாரியிலிருந்து பெரிய அகராதியை இறக்கி மேசைமேல் போட்டார். அவர் மனைவி மௌரீன் அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அகராதி இறங்கும் சத்தம் அவளுக்குப் பழக்கம்தான். புருஷனுக்கு ஏதோ தெரியவில்லை என்று அர்த்தம்.

கண்டுபிடித்தார். முதல் பொருள், சேணம் நழுவாமல் இருக்கக் குதிரையின் வயிற்றைச் சுற்றிக் கட்டும் வார். ஹெர்பர்ட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். குதிரைதான். வார்தான்.

"மௌரீன், பரங்கிக்காய்க்கும் குதிரைக்கும் ஏதாச்சும் சம்பந்தம் இருக்குதா?"

"போட்டா திங்கும்," என்றாள் மௌரீன்.

அவர் கீழே படித்தார். சீமையில் வடக்குக் கடலோரத்து ஆட்கள் பேசிய பழைய மொழியிலிருந்து இங்கிலீஷுக்கு வந்த சொல் அது. அங்கே அதற்குக் கச்சை, அரைப்பட்டை என்று பொருள். முதலில் வாரைத்தான் அப்படிச் சொன்னார்கள். பிறகு, அந்த வார் எவ்வளவு தூரம் சுற்றி வருகிறதோ அந்தத் தூரத்தையும் அதே சொல்லால் சொல்ல ஆரம்பித்தார்கள். குதிரைக்குச் சொன்னது மரத்துக்கு ஆயிற்று, மரத்துக்குச் சொன்னது மனிதன் தொப்பைக்கு ஆயிற்று. இரண்டாவது பொருள், சுற்றளவு.

ஹெர்பர்ட் பெருமூச்சு விட்டார். சுற்றளவு. இவ்வளவுதானா!

மறுநாள் காலையில் வைத்தீஸ்வரன் வந்தார். மைசூர் சமஸ்தானத்தில் சர்வே இலாகாவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வீடு தள்ளி இருந்தார். கோவில் காட்சி என்றாலும் ஊருக்கே பொது என்பதால் வருஷா வருஷம் பரங்கிக்காய் கொண்டுவருவார்.

"ஹெர்பர்ட், அந்த ஜிர்த்து, கிர்த்துன்னு ஒண்ணு போட்டிருக்காமே. நீர் என்ன சொல்றீர்?"

"சுற்றளவு சார். டேப் வச்சு சுத்தி அளக்கறது," என்றார் ஹெர்பர்ட், பிறந்ததிலிருந்தே தெரிந்தவர் மாதிரி.

"அவ்வளவுதானே? சரி சரி," என்று வைத்தீஸ்வரன் கைகளைத் தேய்த்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் பிரிஜெட் வந்தாள். கன்டோன்மென்ட் ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸ். வார்டில் அவள் நடந்து வந்தால் நோயாளிகள் வலியைக்கூட அடக்கிக்கொள்வார்கள். போன மூன்று வருஷத்தில் இரண்டு வருஷம் பரிசு அவளுக்கு, ஒரு வருஷம் வைத்தீஸ்வரனுக்கு.

"தம்பி, கர்த்துன்னா சுத்தளவுதானே? நான் சொல்றது கரெக்டா?"

"கரெக்ட் அக்கா."

"அப்ப சரி. அந்த சர்வே அய்யருக்கு மொதல்லயே ஆறுதல் சொல்லி வச்சிடுங்க."

இருவரும் அவரவர் வீட்டில் அளந்து பார்த்திருக்கிறார்கள், இருவரும் அளவில்லாத சந்தோஷத்தில் இருக்கிறார்கள் என்பதை ஹெர்பர்ட் கவனித்தார். அதில் ஏதோ சரியில்லை என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

அவருக்கு இருந்த கவலை வேறு. மௌரீனும் ஒரு பரங்கிக்காய் கொடுப்பதாகப் பெயர் எழுதியிருந்தாள்.

"நடுவர் பொண்டாட்டி போட்டியில நிக்கலாமா? ஊர் சிரிக்கும். பேரை எடுத்துடு."

"துணி தொவைக்கிற கல்லுக்குப் பின்னால தானா மொளைச்ச கொடி. தெனமும் தண்ணி ஊத்தினது நானு. நீங்க ஒரு நாள் அந்தப் பக்கம் எட்டிப் பாத்தீங்களா?"

"இல்ல, ஆனா..."

"அப்ப பேசாதீங்க."

ஆம்ப்ரோஸ் வந்து அந்தக் காயைப் பார்த்தார். பந்து மாதிரி இருந்தது. பெரிதுதான், ஆனால் மற்ற இருவருடையதையும் பார்த்த கண்ணுக்கு ஒன்றுமில்லை. "வச்சிட்டுப் போகட்டும்பா, இதுவா ஜெயிக்கப் போகுது?" என்றார். ஹெர்பர்ட்டுக்கு நிம்மதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவிலை ஒட்டிய மைதானத்தில் பந்தலுக்குள் கூட்டம் சேர்ந்தது. தக்காளி, வாழை, முள்ளங்கி எல்லாம் வம்பில்லாமல் முடிந்தன. ஹெர்பர்ட் தையற்கார டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பரங்கிக்காய் மேசைக்கு வந்தார். வந்தவர் அப்படியே நின்றார்.

வைத்தீஸ்வரனின் காய் நெட்டையாக நின்றது. நடுவில் கொஞ்சம் ஒடுங்கி, ஒரு சின்னத் தலையணையை நிமிர்த்தி வைத்தது போல. பிரிஜெட்டின் காய் அகன்று, தட்டையாக, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத அம்மாள் மாதிரி இருந்தது.

ஹெர்பர்ட் டேப்பை எடுத்துப் பிரிஜெட்டின் காயை இடுப்போடு சுற்றினார். "ஐம்பத்தேழு அங்குலம்."

கூட்டத்தில் ஆஸ்பத்திரி ஆட்கள் கை தட்டினார்கள். அடுத்து வைத்தீஸ்வரனின் காயை அதே மாதிரி சுற்றினார். "நாற்பத்தெட்டு..."

"நிறுத்தும்!" என்றார் வைத்தீஸ்வரன். "என்ன பண்றீர் நீர்? காம்பிலேருந்து அடிக்குப் போய்த் திரும்பக் காம்புக்கு வரணும். ஆத்துல அளந்தேன், ஐம்பத்தாறு. சுத்தளவுன்னா எங்கே அதிகமோ அங்கேதானே அளக்கணும்?"

"சரி, அப்படியே வச்சுக்குங்க," என்றாள் பிரிஜெட். "உங்களுக்கு ஐம்பத்தாறு, எனக்கு ஐம்பத்தேழு. அப்பவும் நான்தானே?"

வைத்தீஸ்வரன் இதை எதிர்பார்க்கவில்லை. உடனே பேச்சை மாற்றினார்: "அதெப்படி? ரெண்டு காயையும் ஒரே மாதிரிதான் அளக்கணும். காம்பு வழியா அளந்தா உம்மது நாற்பத்தேழு தேறுமா?"

"காம்பு வழியா ஏன் அளக்கணும்? நான் இருபத்திரண்டு வருஷமா கர்த்து அளக்கறேன். வயிறு வீங்கி வர்ற ஆளுக்கு தெனமும் காலைல டேப் போட்டு அளந்து சார்ட்ல எழுதறது என் வேலை. எப்படி அளப்போம் தெரியுமா? தொப்புள் மேல டேப் போகணும். அதான் கர்த்து!"

"தொப்புள் மேலயா?" வைத்தீஸ்வரனின் முகம் மலர்ந்துவிட்டது. குனிந்து பிரிஜெட்டின் காயைச் சாய்த்தார். பூ உதிர்ந்த இடத்தில், அடியில், வட்டமாக ஒரு குழி இருந்தது. "நர்ஸம்மா, இது என்ன?"

கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. அது தொப்புள்தான். வேறு எதுவுமாக இருக்க முடியாது.

"டேப் இது மேல போகணும்னா எப்படிப் போகும்? காம்பு வழியாத்தானே? நீரே சொல்லிட்டீர்!"

பிரிஜெட் தன் காயைப் பழையபடி நிமிர்த்தி வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சர்வேல மரம் அளந்திருக்கீங்களா சார்?"

"லட்சம் மரம் அளந்திருப்பேன்."

"மரத்தோட கர்த்து எப்படி அளந்தீங்க? வேர்லருந்து உச்சிக்கு ஏறி அந்தப் பக்கம் எறங்கினீங்களா? இல்ல, சுத்தி அளந்தீங்களா?"

கூட்டம் இரண்டாகப் பிரிந்து, எல்லாரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு கட்சியும் திரும்பி ஹெர்பர்ட்டைப் பார்த்தன.

"நீங்க சொல்லுங்க தம்பி. உங்களுக்குத் தெரியாத இங்கிலீஷா?" என்றாள் பிரிஜெட்.

ஹெர்பர்ட்டின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சுற்றளவு என்று அகராதி சொன்னதே தவிர, எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று சொல்லவில்லை. இப்போது தெரியாது என்று சொன்னால் சாக்கடைக் கடிதம் சம்பாதித்துக் கொடுத்ததெல்லாம் போய்விடும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்தச் சொல்லோட மூலத்துக்குப் போகணும்," என்றார் கம்பீரமாக. "வடக்குக் கடலோரத்துப் பழைய பாஷையில மொதல்ல அதுக்கு அர்த்தம் சுத்தளவே கிடையாது. குதிரை வயித்துல கட்டற வாருக்குத்தான் அந்தப் பேரு. வாரு சுத்தி வர்ற தூரம்தான் பிற்பாடு சுத்தளவு ஆச்சு. ஆகவே குதிரைக்கு எப்படிக் கட்டறாங்களோ, பரங்கிக்காய்க்கும் அப்படித்தான்."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது நன்றாக இருப்பதாகப் பட்டது.

"குதிரையையே கூப்பிடும்!" என்றார் வைத்தீஸ்வரன். வெற்றி தம்முடையது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. "கூப்பிடுங்க, கூப்பிடுங்க," என்றாள் பிரிஜெட். அவள் முகத்திலும் அதேதான் எழுதியிருந்தது.

கோவில் வாசலில் ஜட்கா வண்டிக்காரன் ரங்கா சவாரிக்குக் காத்திருந்தான். வண்டியை அவிழ்த்துவிட்டுக் குதிரையை மட்டும் பந்தலுக்குள் நடத்திக்கொண்டு வந்தான். குதிரை முதல் வேலையாக, காரட்டில் இரண்டாம் பரிசு வாங்கிய கட்டைத் தின்றது. அந்தக் காரட்டுக்குச் சொந்தக்காரர் போட்ட சத்தத்தை யாரும் காதில் வாங்கவில்லை.

"பாரும்!" என்று வைத்தீஸ்வரன் குதிரையின் வயிற்றில் கட்டியிருந்த வாரைக் காட்டினார். "முதுகிலேருந்து கீழே எறங்கி, வயித்துக்கு அடியால போய் மேலே ஏறறது. மேலும் கீழுமாத்தானே போறது? காம்பு மேல, தொப்புள் கீழ. நான் சொன்னபடிதான்!"

"எங்க மேலும் கீழும்?" என்றாள் பிரிஜெட். "மூஞ்சியிலருந்து வாலுக்கா போகுது? ஒடம்போட நடுவுலதானே சுத்துது? காம்புதான் வாலு. நடுவுல சுத்தினா என் கணக்குதான்!"

"காம்பு வாலா? காம்புதான் தலை!"

"தலையோ வாலோ, நடுவுலதானே சுத்துது?"

குதிரை இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. ஹெர்பர்ட் கண்ணை மூடிக்கொண்டு, அன்று காலை பூசையில் தாம் கவனமில்லாமல் இருந்ததற்காகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டார்.

"ஸ்வாமி, நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றான் ரங்கா.

"சொல்லு, சொல்லு," என்றார் ஹெர்பர்ட் அவசரமாக. பிறகு நடுவர் என்ற ஞாபகம் வந்து இருவர் பக்கமும் திரும்பினார். "ரங்கா முப்பது வருஷமா வாரு கட்டறவன். அவன் சொன்னா ரெண்டு பேருக்கும் சம்மதமா?"

இருவரும் தலையை ஆட்டினார்கள். குதிரைக்காரன் தம் பக்கம்தான் பேசுவான் என்பதில் இருவருக்குமே சந்தேகம் இல்லை.

"மேலயா கீழயா, தலையா வாலா, அதெல்லாம் எனக்குக் கொத்தில்லா, தெரியாது ஸ்வாமி," என்றான் ரங்கா. "வாரு எதுக்குக் கட்டறோம்? அழகுக்கா? முதுகு மேல ஜீனி, அதான் சேணம், நழுவாம நிக்கறதுக்கு. கண்ட எடத்துல கட்டினா நிக்காது, ஆளோட ஜீனி எறங்கிடும். எங்க கட்டி இழுத்தா நகராம நிக்குதோ, அதான் வாரு கட்டற எடம். இந்தக் காய்லயும் கட்டிப் பாக்கலாம். எங்க நிக்குதோ அதான் அதுக்கு வயிறு."

கூட்டம் யோசித்தது. யாருக்கும் அதில் ஓட்டை தெரியவில்லை.

ரங்கா குதிரையிடமிருந்து வாரைக் கழற்றி, மிச்ச நீளத்தை மடித்து முடிந்து, முதலில் பிரிஜெட்டின் காயை அவள் சொன்னபடி இடுப்போடு சுற்றி இறுக்கினான். இரண்டு ஆட்டு ஆட்டினான். வார் வழவழப்பான தோலில் வழுக்கி மேலே வந்து, ஒரு துள்ளலில் அவன் கையோடு வந்துவிட்டது. மறுபடி கட்டினான். மறுபடி வந்துவிட்டது. பிறகு காம்பு வழியாகச் சுற்றினான். காயின் ஆழமான வரிப்பள்ளத்தில் வார் போய் உட்கார்ந்துகொண்டது. ஆட்டினான், உருட்டினான், இரண்டு பேரை விட்டு இழுக்கச் சொன்னான். இம்மி அசையவில்லை.

"இதுதான் இதுக்கு வயிறு," என்றான்.

ஹெர்பர்ட் அந்த வழியே டேப்பைப் போட்டார். நாற்பத்தேழு.

வைத்தீஸ்வரன் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசையிலிருந்து ஒரு தக்காளி உருண்டது. "என் காயையும் கட்டப்பா!"

ரங்கா அவருடைய காயைக் காம்பு வழியாகச் சுற்றி இறுக்கினான். நெட்டைக் காயில் வார் ஒரு பக்கமாகச் சரிந்து பொத்தென்று கீழே விழுந்தது. மூன்று தடவை விழுந்தது. பிறகு நடுவில், அந்த ஒடுங்கிய இடத்தில் சுற்றினான். அதற்கென்றே தைத்த அரைக்கச்சை மாதிரி கவ்விக்கொண்டது.

நாற்பத்தெட்டு.

வைத்தீஸ்வரன் சிரிப்பை நிறுத்தி மனக்கணக்குப் போட்டார். நாற்பத்தெட்டு நாற்பத்தேழைவிடப் பெரியது. மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். "ஒரு அங்குலம்னாலும் ஜெயம் ஜெயம்தான்!"

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குதுப்பா," என்றார் ஆம்ப்ரோஸ், தாளைப் பார்த்தபடி.

மேசையின் கோடியில், யாரும் கவனிக்காமல், மௌரீனின் உருண்டைக் காய் இருந்தது. ரங்கா அதைக் காம்பு வழியாகக் கட்டினான். நின்றது. ஹெர்பர்ட் அளந்தார். டேப்பில் எண்ணைப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார். பிறகு, எப்படியாவது குறையாதா என்ற ஆசையில், இடுப்போடும் சுற்றிப் பார்த்தார். எப்படிச் சுற்றினாலும் ஒரே அளவு.

"சத்தமா சொல்லுப்பா," என்றார் ஆம்ப்ரோஸ்.

"நாற்பத்தொன்பதரை," என்றார் ஹெர்பர்ட், பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் பாவத்தைச் சொல்கிற குரலில்.

குதிரை மட்டும் எதையோ மென்றுகொண்டிருந்தது.

"இது யாரு காயி?" என்றாள் பிரிஜெட் மெல்ல.

ஆம்ப்ரோஸ் தாளைப் பார்த்துப் பெயரைப் படித்தார். மௌரீன் பந்தலுக்கு வெளியே டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆம்ப்ரோஸ் போய்ச் சொன்னதும், "இந்த நாலு பேருக்கு ஊத்திட்டு வர்றேன்," என்றாள். ஊற்றிவிட்டுத்தான் வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பரிசான செம்புப் பூவாளியை வாங்கி, கவிழ்த்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "நல்ல கனம்," என்றாள்.

"வாரு, வயிறு, வடக்குக் கடலோரம்!" என்றார் வைத்தீஸ்வரன். "அப்பவே நினைச்சேன், இந்த மனுஷன் எதுக்குச் சுத்தி வளைக்கிறார்னு."

"நானும்தான் சார்," என்றாள் பிரிஜெட். "குதிரையைக் கொண்டாந்தப்பவே எனக்குச் சந்தேகம்."

மூன்று வருஷமாக நேரே முகம் பார்த்துப் பேசாத இருவரும் அன்று ஒன்றாகவே வீட்டுக்கு நடந்தார்கள். வழியெல்லாம் ஹெர்பர்ட்டைத் திட்டிக்கொண்டு போனதில் இருவருக்கும் வெகு திருப்தி.

ஹெர்பர்ட் இரண்டு நாள் தந்தி ஆபீசுக்குப் பின் சந்து வழியாகப் போய் வந்தார். புதன்கிழமை சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. வைத்தீஸ்வரனும் பிரிஜெட்டும் நின்றுகொண்டிருந்தார்கள். வைத்தீஸ்வரன் கையில் நாலாக மடித்த தாள்.

"பாதருக்கு ஒரு புகார் எழுதியிருக்கோம், உம்ம பேர்ல," என்றார் அவர், கொஞ்சம் சங்கடத்தோடு. "நடுவர் பாரபட்சமா நடந்துண்டார்னு. பாதர் நாளைக்கு வரார்."

"சரி சார்."

"இங்கிலீஷ் கொஞ்சம் சரியில்லைன்னு தோண்றது."

"எனக்கும் அப்படித்தான் தம்பி படுது," என்றாள் பிரிஜெட். "கோவம் இருக்குது, ஆனா தாள்ல வரமாட்டேங்குது. காக்ஸ் டவுன்ல வேற யார்கிட்ட போறது?"

ஹெர்பர்ட் தாளை வாங்கினார். முதல் வரியிலேயே இரண்டு பிழை. அவரால் தாங்க முடியவில்லை. "உள்ள வாங்க," என்றார். பேனாவை எடுத்தார், மை தொட்டார், கண்ணாடியை மாட்டினார். 'நியாயமில்லாத' என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு நாலு சொல் எழுதினார். 'வருத்தம்' என்று இருந்ததை 'ஆறாத மனவேதனை' ஆக்கினார். நடுவரின் நடத்தையைப் பற்றி ஒரு பத்தி புதிதாகவே சேர்த்தார். அதில், தம் வீட்டு நலனை முன்னிட்டு ஒரு குதிரையைக்கூட ஆயுதமாக்கத் தயங்காத மனிதர் என்று ஒரு வரி வந்தது.

அதைப் படிக்கக் கேட்டதும் வைத்தீஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆஹா!"

"கொஞ்சம் காரம் ஜாஸ்தியா இருக்குதோ?" என்றாள் பிரிஜெட்.

"இருக்கட்டும் அக்கா. இப்படிப்பட்ட ஆளுங்களுக்கு இதுதான் சரி," என்றார் ஹெர்பர்ட். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது.

மௌரீன் மூன்று தம்ளரில் காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஹெர்பர்ட் கடைசிப் பத்திக்கு வந்திருந்தார். அந்த நடுவரை இனி எந்தக் காட்சிக்கும் கூப்பிடக் கூடாது என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, கையெழுத்துப் போட வைத்தீஸ்வரனிடம் பேனாவை நீட்டினார்.